பதினெட்டாம் எண் வாசலில் ஒரு நிமிடம்

முப்பத்தாறு வருடமாகச் சவப்பெட்டிக்கு முன்னால் நடப்பது என் பிழைப்பு. கறுப்புக் கோட்டு, உயரத் தொப்பி, கையில் ஒரு தடி. பின்னால் சவ வண்டி என் நடைக்குத் தக்கபடி உருண்டு வரும். டப்ளினில் செத்தவர்கள் நேராகக் கல்லறைக்குப் போய்விடுவதில்லை. வாழ்ந்த தெருவை ஒரு தடவை பார்த்து, வீட்டு வாசலில் ஒரு நிமிடம் நின்று, பிறகுதான் போவார்கள். கடைக்காரர்கள் ஷட்டரை இறக்கிவிட்டு வெளியே வந்து நிற்பார்கள். செத்தவருக்கு இதில் ஒரு சிரமமும் கிடையாது. என் முழங்கால்கள்தான் இரண்டு வருடமாக இந்த வழக்கத்தைத் திட்டிக்கொண்டிருக்கின்றன. ஓய்வு பெற இன்னும் நான்கு வருடம் இருக்கிறது.

லொரேன் கீகன் எங்கள் அலுவலகத்துக்கு வந்தது ஒரு திங்கட்கிழமை. நாற்பத்திரண்டு வயது இருக்கும். பேச்சு முழுக்க இங்கிலாந்துப் பேச்சு. கொடுத்த தேநீரைக் கையில் பிடித்துக்கொண்டே இருந்தாள், குடிக்கவில்லை.

"அப்பா கோவென்ட்ரியில இறந்துட்டாரு. பத்து நாள் ஆச்சு. இங்கதான் புதைக்கணும், எங்க பாட்டி குழியிலேயே வைக்கணும்னு சொல்லியிருந்தாரு. நாளைக்குக் கப்பல்ல வருது."

"அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்றேன். "போற வழியில எங்கயாவது நிக்கணுமா?"

"பெல்மன் தெரு. மேல் முனையிலேருந்து கீழ் முனை வரைக்கும் போகணும். பதினெட்டாம் நம்பர்ல ஒரு நிமிஷம் நிக்கணும்."

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றுவிட்டது. கீகன் என்ற பேரை வாங்கியபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். டப்ளினில் கல்லெடுத்து எறிந்தால் ஒரு கீகன் மேல் விழும் என்பதால் விட்டுவிட்டேன்.

"அப்பாவோட முழுப் பேரு?"

"வின்சென்ட். எல்லாரும் வின்னின்னுதான் கூப்பிடுவாங்க." அவள் கோப்பையை மேசையில் வைத்தாள். "மிஸ்டர் கின்செல்லா, ஒண்ணு கேக்கறேன். எனக்குக் கூடப்பொறந்தவங்க இல்ல. அம்மாவும் அவரும் பிரிஞ்சு ரொம்ப வருஷமாச்சு. பின்னாடி கார்ல நான் ஒருத்திதான் வருவேன். ஆனா அப்பா சொல்லிக்கிட்டே இருப்பாரு, பெல்மன் தெருவுல யார் செத்தாலும் தெருவே வெளிய வந்து நிக்கும்னு. கடைசி வாரம்கூடச் சொன்னாரு. நிக்குமா?"

"வேலை நாளு. காலை நேரம் வேற" என்றேன். "பாப்போம்."

முப்பத்தாறு வருடத்தில் துக்க வீட்டாரிடம் எத்தனையோ மழுப்பியிருக்கிறேன். இவ்வளவு கேவலமாக மழுப்பியதில்லை.

அது என் தெருவும்தான். முப்பத்திரண்டாம் எண்ணில் பிறந்து, கல்யாணம் ஆகிற வரைக்கும் அங்கேதான் இருந்தேன். எண்பத்து நான்காம் வருடம் எங்கள் தெருவில் ஹெராயின் புகுந்து பதினான்கு மாதத்தில் ஏழு பிள்ளைகள் போனார்கள். போலீஸ் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. தாய்மார்கள் பள்ளிக்கூட ஹாலில் கூட்டம் போட்டார்கள். விற்கிறவன் பேரைச் சபையில் சொல்வது, எல்லோருமாக அவன் வீட்டுக்கு நடந்துபோவது, சாமானைத் தூக்கி நடைபாதையில் வைத்து அவனை ஊரைவிட்டு அனுப்புவது. இதுதான் முறை. அந்த முறையை நான் இன்றைக்கும் குறை சொல்ல மாட்டேன், நாங்கள் செத்துக்கொண்டிருந்தோம். நான்கு வீட்டில் சரியாகத்தான் செய்தோம். ஐந்தாவது வீடு வின்னி கீகனுடையது.

பையன்கள் பதினெட்டாம் எண் மாடிப்படியில் ஏறி இறங்கியது உண்மை. அவர்கள் ஏறியது வின்னிக்கும் மேலே, மூன்றாம் மாடியில் இருந்தவனைப் பார்க்க. இது எங்களுக்குத் தெரிவதற்கு ஒன்பது மாதம் ஆனது. மேல்மாடிக்காரனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போன அன்று பெல்மன் தெருவில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. வின்னிக்கு ஒரு கடிதம் எழுதலாம் என்று யாரோ சொன்னார்கள். இருநூறு பேர் சேர்ந்து செய்ததற்கு யார் கையெழுத்துப் போடுவது? அந்தப் பேச்சு அத்தோடு அமுங்கிவிட்டது.

அன்றைக்கு எனக்கு இருபத்தொரு வயது. வின்னி வீட்டுக் கட்டிலின் ஒரு பக்கத்தைப் பிடித்துக் கீழே இறக்கியவன் நான். மறுபக்கம் பிடித்தவன் ஜெர் டாலன், கறிக்கடைக்காரர் மகன். இப்போது கடை அவனுடையது, பதினெட்டாம் எண்ணுக்கு நேர் எதிரே.

செவ்வாய்க்கிழமை வழி பார்க்கப் போனேன். எந்தத் தெருவில் ஊர்வலம் போனாலும் முந்தின நாளோ அதற்கு முன்னாலோ நான் ஒரு தடவை நடந்து பார்த்துவிடுவேன். எங்கே பள்ளம் தோண்டியிருக்கிறார்கள், எங்கே லாரி நிறுத்துகிறார்கள், வண்டி எந்தப் பக்கம் ஒதுங்க வேண்டும் என்று குறித்துக்கொள்வேன். பெல்மன் தெரு என்றால் கண்ணை மூடிக்கொண்டு நடக்கலாம் என்று இருந்தேன். நடக்க முடியவில்லை. மேல் முனையில் சினிமாக் கொட்டகை இருந்த இடத்தில் கண்ணாடிக்குப் பின்னால் ஆட்கள் ஓடும் எந்திரத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். செருப்புத் தைக்கிற ஓ'டிரிஸ்கால் கடையில் பிரேசில்காரர்கள் காப்பி விற்கிறார்கள், நல்ல காப்பி, நாலு யூரோ. இரும்புக்கடை போய், துணிக்கடை போய், இரண்டு இடத்திலும் மின் சிகரெட் கடை. பதினெட்டாம் எண்ணின் கீழ்த்தளத்தில் ஒரு நேபாளத்துக்காரர் போன் ரிப்பேர் செய்கிறார். வருத்தமா என்று கேட்டால், இல்லை. எனக்கு அயர்ச்சியாக இருந்தது. வருத்தப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

ஜெர் தொடைக்கறியை எலும்பிலிருந்து பிரித்துக்கொண்டிருந்தான். கடையில் வேறு யாரும் இல்லை.

"வின்னி கீகன் வர்றான்டா" என்றேன்.

கத்தி நின்றது. "எங்க வர்றான்?"

"பெட்டியில. வியாழக்கிழமை ஒம்பதரைக்கு. எதிர்ல நிக்கச் சொல்லியிருக்கான்."

ஜெர் கையைத் துணியில் துடைத்தான். துடைத்த கையையே திரும்பவும் துடைத்தான்.

"நீயா முன்னால நடக்கப்போற?"

"வேற யாரு? அது என் வேலை."

"உனக்கென்னப்பா, தொப்பியப் போட்டுக்கிட்டா நீ வேற ஆளு."

"ஷட்டரை இறக்குடா. பக்கத்துல நாலு பேர்கிட்டயும் சொல்லு. பொண்ணு தனியா வருது, தெரு நிக்குமான்னு கேட்டுச்சு. அதுக்கு நடந்தது ஒண்ணும் தெரியாது."

"என்னன்னு சொல்றது? நாம தொரத்திவிட்ட ஆளு வர்றான், வந்து மரியாத பண்ணுங்கன்னா? பழைய ஆளுங்க கேட்டா வீட்டுக் கதவைத் தாப்பாப் போட்டுக்குவாங்க. புது ஆளுங்களுக்கு வின்னியையும் தெரியாது, ஒரு எழவும் தெரியாது." குரலைத் தாழ்த்தினான். "வேற வழியாக் கூட்டிட்டுப் போயிரு, லார். ரோடு தோண்டியிருக்குன்னு சொல்லு."

"பொய் சொல்லச் சொல்றியா?"

"இப்ப மட்டும் என்ன பண்ணிக்கிட்டு இருக்க? அந்தப் பொண்ணுகிட்ட நீ யாருன்னு சொன்னியா?"

அவன் மறுபடியும் கத்தியை எடுத்தான்.

"எதிர்ல வந்து நிக்க என்னால ஆகாது. கடையத் தொறந்து வச்சுக்கிட்டு உள்ள வேலை பாப்பேன். கவனிக்கலன்னு ஆயிரும்."

வெளியே சூதாட்டக் கடை வாசல் பெஞ்சில் ஃபைலோ நூனன் உட்கார்ந்திருந்தாள். எண்பத்து மூன்று வயது. எதிரே சக்கரம் வைத்த நடைவண்டி. அந்த ஏழு பிள்ளைகளில் ஒருவன் அவள் மகன். அன்றைக்கு ஒவ்வொரு வீட்டுக்கும் கூட்டத்தின் முன்னால் போனவளும் அவள்தான்.

"யாருக்கு வழி பாக்கற, தம்பி?" என்றாள். "குவீனிக்கு வேற கம்பெனின்னு சொன்னாங்களே."

தெருவின் கீழ் முனையில் அறுபது வருடம் பழம் விற்ற குவீனி பாய்லன் ஞாயிற்றுக்கிழமைதான் போயிருந்தாள், தொண்ணூற்றொரு வயதில். வாழ்நாளில் ஒரு தடவையாவது அவளிடம் இலவசமாக ஆப்பிள் வாங்கித் தின்னாதவர்கள் அந்தத் தெருவில் கிடையாது.

"இது வேற ஒருத்தருக்கு. அந்தக் காலத்து ஆளு. வியாழக்கிழமை ஒம்பதரைக்கு."

"அன்னைக்குத்தானே குவீனியும். பத்தரைக்கு." ஃபைலோ காலை நீட்டி வைத்துக்கொண்டாள். "எனக்கு இருக்கற காலுக்கு ஒரு நாளைக்கு ஒரு சாவுக்குத்தான் நிக்க முடியும். நீ அவரச் சீக்கிரமா ஓட்டிட்டுப் போயிரு."

பேரை அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை எங்கள் சிற்றாலயத்திலேயே பூசை முடிந்தது. பாதிரியார், லொரேன், நான், வண்டி ஓட்டுகிற டோனல். பாட்டுப் பாடவும் ஆளில்லை. வண்டியில் பெட்டியின் மேல் வைக்க ஒரே ஒரு வெள்ளை மலர் வளையம் வாங்கி வந்திருந்தாள். ஒன்பதேகாலுக்குக் கிளம்பினோம். ஆற்றங்கரைச் சாலையில் தண்ணீர்க் குழாய் வெடித்து ரோடெல்லாம் குளமாகிக் கிடந்தது. ஒரு மணி நேரம் ஊர்ந்தோம்.

"செத்தவனுக்கு அவசரமில்ல" என்றான் டோனல். "கல்லறைக்காரன்தான் கத்துவான். குழி வெட்டறவனுக்குப் பன்னெண்டு மணிக்குச் சாப்பாடு."

பெல்மன் தெருவின் மேல் முனைக்கு வந்தபோது மணி பத்து இருபத்தைந்து. நான் இறங்கினேன். தொப்பியை வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தால், தெரு முழுக்க ஷட்டர் இறங்கியிருந்தது. இரண்டு பக்க நடைபாதையிலும் ஆட்கள். காப்பிக் கடைப் பையன்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், கோட்டுப் போட்டுக்கொண்டு வந்த கிழவர்கள். என்னைப் பார்த்ததும் சலசலப்பு அடங்கியது. ஒரு கிழவர் தொப்பியை எடுத்தார்.

டோனல் கண்ணாடியை இறக்கினான். "லார், இதெல்லாம் நமக்கா?"

"குவீனிக்கு."

"ஐயோ. நாம இப்ப என்ன பண்றது?"

"எனக்கென்ன தெரியும்?"

"அவங்க வண்டி பின்னாடியே வந்துரும்யா. பத்து நிமிஷத்துல இங்க இருக்கும்."

பின்னால் நின்ற காருக்குப் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். லொரேன் ஏற்கெனவே கண்ணாடியை இறக்கிவிட்டுத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் முழுக்க நனைந்திருந்தது.

"இவ்வளவு பேரா" என்றாள். "அப்பாவுக்கா?"

தலைகுனிந்துகொண்டேன், அதை அவள் ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள். நான் முன்னால் போய் நடக்க ஆரம்பித்தேன்.

ஒரு தெரு முழுவதும் எழுந்து நிற்கும்போது அதன் நடுவே நடப்பது சாதாரணமாக எனக்குப் பிடித்த காரியம். அன்றைக்கு ஒவ்வோர் அடியும் திருடுவதுபோல இருந்தது. வண்டி கடக்கக் கடக்க இரண்டு பக்கமும் சிலுவை போட்டுக்கொண்டார்கள். எனக்குப் பின்னால் ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளிடம் முணுமுணுத்தது கேட்டது.

"குவீனிக்குப் பூ இவ்வளவுதானா?"

"முப்பது பேரப்பிள்ளைங்க. ஆளுக்கு ஒரு ரோஜா வாங்கியிருந்தாக்கூட வண்டி நெறஞ்சிருக்கும். இந்தக் காலத்துப் புள்ளைங்களச் சொல்லணும்."

குவீனியின் வீடு கீழே, அறுபதாம் எண். பதினெட்டாம் எண் தெருவின் மேல்பாதியில் வருகிறது. நிற்காமல் நேராக நடந்துவிட்டால் கீழ் முனை வரை யாருக்கும் சந்தேகம் வராது. லொரேனுக்குத் தெரு முழுவதும் அவள் அப்பாவுக்காக நின்றதாகவே இருக்கும், அவள் அதை வைத்துக்கொண்டு கோவென்ட்ரிக்குப் போவாள். நின்றால் எல்லாம் உடைந்துவிடும். பன்னிரண்டு, பதினான்கு என்று கதவு எண்களைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். நிற்காமல் போய்விடு என்று மனம் சொன்னது. பெண்ணின் நல்லதுக்காக என்றும் சொன்னது. என் மனத்தை எனக்குத் தெரியும், அது நாற்பது வருடமாக யாருடைய நல்லதைப் பார்க்கிறது என்றும் தெரியும். வின்னி கேட்டது ஒரே ஒரு நிமிடம். அவனுக்கு அதையும் கொடுக்காமல் இரண்டாவது தடவையும் அந்த வாசலைத் தாண்டி அனுப்ப என்னால் முடியவில்லை.

பதினெட்டாம் எண் வாசலில் நின்றேன். திரும்பினேன். தொப்பியை எடுத்து, பெட்டிக்குத் தலைவணங்கினேன்.

முதலில் ஒருவருக்கும் புரியவில்லை. பிறகு ஃபைலோ நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு நடுத்தெருவுக்கு வந்துவிட்டாள்.

"என்ன தம்பி இங்க நிறுத்திட்ட? குவீனி வீடு கீழல்ல இருக்கு?"

"இது குவீனி இல்லம்மா."

"பின்ன யாரு?"

நாற்பத்தொரு வருடமாக அந்தத் தெருவில் யாரும் உரக்கச் சொல்லாத பேர். எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னேன். "வின்னி கீகன்."

காதோடு காதாக அந்தப் பேர் இரண்டு பக்கமும் போனது. இளசுகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை, நின்றபடியே நின்றார்கள். போன் கடை நேபாளத்துக்காரர் தன் வாசலில்தான் வண்டி நிற்கிறது என்பதைப் பார்த்துக் கைகூப்பினார். பழைய ஆட்கள் நடைபாதையைப் பார்த்தார்கள். அவர்கள் பாடுதான் பரிதாபம். வின்னிக்காக நிற்க முடியவில்லை, உள்ளேயும் போக முடியவில்லை, ஐந்து நிமிடத்தில் குவீனி வந்துவிடுவாள்.

ஃபைலோ நடைவண்டியைத் திருப்பி, அதிலேயே இருக்கிற சின்ன இருக்கையில், நடுத்தெருவில் உட்கார்ந்துகொண்டாள்.

"கால் வலிக்குது" என்றாள். "உக்காந்துக்கிட்டே நிக்கறதா நெனச்சுக்கோ."

அப்போதுதான் எதிர்ப்பக்கம் கடகடவென்று சத்தம். குவீனிக்காக இறக்கிய ஷட்டரை ஜெர் டாலன் மேலே ஏற்றிக்கொண்டிருந்தான். ஏற்றிவிட்டு உள்ளே போய்விட்டான்.

காரின் கதவு திறந்து லொரேன் இறங்கி வந்தாள். ஊர்வலத்தில் யாரும் அப்படி இறங்குவதில்லை. என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அவரு எதுக்குக் கடையத் தொறந்தாரு?"

இனி மழுப்ப எனக்குச் சக்தி இல்லை. "இவங்க நிக்கறது உங்கப்பாவுக்கு இல்ல, மிஸ் கீகன். பின்னால வர்ற ஒரு பழக்காரம்மாவுக்கு. நாம லேட்டா வந்ததுல நம்ம வண்டிய அவங்க வண்டின்னு நெனச்சுட்டாங்க. எனக்கு மேல் முனையிலேயே தெரியும். உங்ககிட்ட சொல்லல."

அவள் பெட்டியின் மேல் இருந்த மலர் வளையத்தைப் பார்த்தாள்.

"உங்கப்பாவ இந்தத் தெருவ விட்டுத் தொரத்துனது நாங்க. அவரு ஒரு தப்பும் பண்ணல. வேற ஒருத்தன் பண்ணுனதுக்கு அவர் வீட்டுச் சாமானத் தூக்கி வெளிய வச்சோம். கட்டில எறக்குனது ரெண்டு பேரு. ஒருத்தன் அதோ உள்ள போனானே, அவன். இன்னொருத்தன் நான்."

"தொரத்துனது தெரியும்" என்றாள். குரல் களைத்திருந்தது. "அம்மா ஒவ்வொரு சண்டைக்கும் அதத்தான் எடுப்பாங்க. அப்பாதான் அதப் பத்தி வாயே தொறக்க மாட்டாரு. தெரு நிக்கும்னு மட்டும் சொல்லுவாரு. நான் அங்க திரும்புனதும் இவங்களப் பாத்துட்டு நெனச்சேன், சரி, மனசு மாறியிருக்காங்கன்னு." மூக்கை உறிஞ்சினாள். "அவர் இருந்திருந்தாலும் அப்படித்தான் நெனச்சிருப்பாரு. லூசு மனுஷன்."

"நான் சொல்லியிருக்கணும். திங்கட்கிழமையே."

"ஆமா. சொல்லியிருக்கணும்." எதிரே திறந்திருந்த கடையைப் பார்த்தாள். "ஒரு நிமிஷம் ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சு."

"இன்னும் கொஞ்சம் நிக்கட்டும்."

தெருவைக் குறுக்கே கடந்து ஜெர் கடைக்குள் போனாள். கூட்டம் அவளுக்கு வழிவிட்டது. கண்ணாடி வழியாக அவள் முதுகும் ஜெரின் முகமும் எனக்குத் தெரிந்தன. அவள் ஏதோ சொன்னாள், சுருக்கமாக. அவன் குனிந்து எதையோ எடுத்தான், தராசில் வைத்தான், எடுத்தான், மறுபடியும் வைத்தான். பிறகு இரண்டு கையையும் மேசையில் ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டான். இதற்குள் மேல் முனையில் குவீனியின் வண்டி வந்து நின்றிருந்தது, கூரை வரைக்கும் பூ. அதற்கு முன்னால் நடக்கிறவன் எனக்குத் தெரிந்தவன்தான். நிலைமையைப் பார்த்து, தொப்பியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே காத்திருந்தான்.

லொரேன் வெறுங்கையோடு திரும்பி வந்தாள்.

"என்ன சொன்னீங்க அவன்கிட்ட?"

"ஒண்ணும் சொல்லல. கடை தொறந்திருந்துச்சு, ஒரு பவுண்டு சாசேஜ் கேட்டேன். வின்னி கீகனுக்கு இங்க உள்ள சாசேஜ்தான் உசிருன்னு சொன்னேன். அவரால எடை போட முடியல." காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் தொப்பியை வைத்துக்கொண்டு திரும்பினேன். முதல் அடி எடுத்து வைப்பதற்குள் மறுபடியும் அந்தக் கடகடச் சத்தம். ஜெர் ஷட்டரைத் தரை வரைக்கும் இறக்கிப் பூட்டினான். ஏப்ரனைக் கழற்றவும் மறந்துவிட்டிருந்தான். ரத்தக்கறையோடு வந்து வண்டிக்குப் பின்னால் போகாமல் நேராக என்னிடம் வந்தான். அறுபத்திரண்டு வயது ஆள் குழந்தை மாதிரி அழுதுகொண்டிருந்தான், யார் பார்க்கிறார்கள் என்கிற கவலையே இல்லாமல்.

"எது வரைக்கும்டா கூட வரணும்?" என்றான்.

"அன்னைக்கு அவன வெரட்டிக்கிட்டு எது வரைக்கும் போனோம்?"

"கால்வாய்ப் பாலம் வரைக்கும்."

"அப்ப அது வரைக்கும் வா."

பின்னால் போய்ச் சேர்ந்துகொண்டான். நான் நடந்தேன். முன்னால் நடப்பவன் திரும்பிப் பார்க்கக் கூடாது, அதனால் வேறு யாராவது வந்தார்களா என்று எனக்குத் தெரியாது. தெரு முடிகிற வரைக்கும் ஒரு ஷட்டரும் ஏறவில்லை. குவீனிக்காகத்தான் அது, எனக்குத் தெரியும்.

பாலத்தைத் தாண்டியதும் நான் வண்டியில் ஏறிக்கொள்வது வழக்கம். அதற்குப் பிறகு வண்டி வேகமெடுக்கும். ஏறி உட்கார்ந்து, தொப்பியை மடியில் வைத்து, முழங்காலைத் தேய்த்துக்கொண்டே பக்கக் கண்ணாடியைப் பார்த்தேன். லொரேனின் காருக்குப் பின்னால் ஜெர் வந்துகொண்டிருந்தான். பாலம் வந்துவிட்டது, நின்றுவிடுவான் என்று பார்த்தேன். அவன் நிற்கவில்லை. பாலத்தைத் தாண்டியும் வந்துகொண்டே இருந்தான்.

"போலாமா?" என்றான் டோனல், கியரில் கையை வைத்து.

"இரு" என்றேன். கதவைத் திறந்து இறங்கினேன். தொப்பியை வைத்துக்கொண்டு வண்டிக்கு முன்னால் போய் நின்றேன். கல்லறைக்கு இன்னும் மூன்று கிலோமீட்டர் இருந்தது.